எல்லா அதிகாரமும் பிரசிடண்டுக்கே

சாமி,

நீ போனில் பேசி வைத்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். நம்பாதே. இரண்டும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது உண்மை. போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ அதை முடித்து வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது என்பதால் எழுதுகிறேன். உன் அடுக்குமாடிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உன்னைச் சங்கத்துக்குப் பிரசிடண்ட் ஆக்கியதில் எனக்குப் பெருமைதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்கிய கையோடு, ஆளாளுக்குப் பேசினால் எதுவும் நடக்காது, கமிட்டியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொன்னார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் அதைத் தீர்மானமாகப் போடப்போகிறாயாம். "அப்பா, நம்ம பால் சங்கத்துல போன வருஷம் அப்படி ஒண்ணு போட்டீங்கல்ல, அந்த வாசகத்தை வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்றாய். வாசகம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால் அது என்னை என்ன பாடு படுத்தியது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கொச்சியில் இருப்பதால் உனக்கு நல்ல சேதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் சங்கத்தை உனக்குத் தெரியும். மீனாட்சிபுரம் ரோட்டில், காலையும் மாலையும் கேனும் தூக்குப்போசியுமாக ஜனம் வரிசை கட்டி நிற்கிற அந்த ஓட்டுக் கட்டடம்தான். பெயருக்கு நான் பிரசிடண்ட். எதைச் செய்வதானாலும் ஒன்பது பேர் கமிட்டி கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது பேருக்கும் தனித்தனி யோசனை, சிலருக்கு இரண்டிரண்டு. பால் அளக்கிற இடத்தில் ஒரு மின்விசிறி மாட்டலாம் என்று கூடினோம். எந்தப் பக்கம் மாட்டுவது என்று சண்டை வந்து கலைந்தோம். மறுபடி கூடியபோது, விசிறி ஓடினால் ஈ போகுமா, இல்லை, பறக்க முடியாமல் பாலில் விழுமா என்று ஒரு கட்சி கிளம்பியது. அடுத்த முறை கூடும்போது மழைக்காலம் வந்துவிட்டதால் விசிறியே வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். என் காலத்தில் ஒருமனதாக நடந்தது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் சங்கத்து ஆட்கள் எல்லாரும் கூடுகிற போன வருஷப் பொதுயோகத்தில் ஆறுச்சாமி எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், டீக்கடையில் உலக விவகாரம் பேசுகிறவன், அவனேதான். "ஏனுங்க, டெல்லியில இருக்கற பிரசிடண்டுக்கு ஊடு பெருசு, அதிகாரம் கம்மி. அமெரிக்காவுல இருக்கறவருக்கு ஊடும் பெருசு, அதிகாரமும் பெருசு. நம்ம பிரசிடண்டுக்கு ஊடும் ஓட்டு ஊடு, அதிகாரமும் ஒண்ணுமில்லீங்க. ஒரு காத்தாடி மாட்டறதுக்குக்கூட ஒம்போது பேரக் கும்புட்டுட்டு நிக்கறாருங்க. ஒரே ஆளு முடிவு பண்ணட்டுமுங்க. தப்பாப் போனாலும் வெரசாப் போகட்டும்" என்றான். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. எல்லா அதிகாரமும் பிரசிடண்டுக்கே என்று தீர்மானம் எழுதி, யார் யார் சம்மதம் என்று கேட்டபோது தூக்கிய கைகளில் எனக்கு எதிர்ச்சுவரே தெரியவில்லை. கமிட்டிக்காரர்கள்கூடத் தூக்கினார்கள். இதெல்லாம் சட்டப்படி நிற்குமா தெரியாது என்று செக்ரட்டரி முனகினார். அதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நான் உட்பட. உன் சின்ன அத்தை மயிலாத்தாளும் கை தூக்கினாள். அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். என் அண்ணனுக்குத்தான் எல்லாம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

மறுநாளே விசிறி மாட்டினேன். அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு நின்ற சுகத்தை இன்னும் என்னால் மறுக்க முடியாது. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், உனக்கும் இருக்கும். இரண்டாம் வாரத்தில்தான் ஜனம் பிரசிடண்ட் என்றால் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஒருவர் வந்து, மாடு சினை நிற்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். நான் என்ன பார்ப்பது? பொள்ளாச்சி பஸ் நம் ஸ்டாப்பில் நிற்பதில்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். யாரிடம் சொல்ல என்று நான் கேட்டதற்கு, அது உங்களுக்குத் தெரியாதா என்று சிரித்தார். ஒரு அம்மா, மருமகன் கோபித்துக்கொண்டு எலப்புள்ளிக்குப் போய் அவன் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், பால் சங்கத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பி அழைத்து வாருங்கள் என்று கேட்டாள். முடியாது என்றால் யாரும் நம்புவதில்லை. "பிரசிடண்டு நெனச்சா முடியுமுங்க. நெனைக்க மாட்டேங்கறாரு" என்பார்கள். அதற்கு முன்பெல்லாம் யார் எதைக் கேட்டாலும், "கமிட்டியில வெக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். அதற்குள் எத்தனை பேருடைய கோபம் அடங்கிப் போயிருக்கிறது என்று அந்தப் பேச்சு போன பிறகுதான் தெரிந்தது. கமிட்டி எனக்கு விலங்கு என்று நினைத்திருந்தேன், அது குடையாக இருந்திருக்கிறது. வீட்டில் உன் அம்மா வேறு, "ஊருக்கே பிரசிடண்டு, ஊட்ல மோட்டார் சுச்சு எங்கிருக்குதுன்னு கேளுங்க, தெரியாது" என்று பால்காரர்களிடமே சொல்வாள்.

இதெல்லாம் விளையாட்டு. விஷயம் உன் அத்தையின் மாட்டில் வந்து நின்றது. கேரளாவில் நம் பக்கம் சங்கத்தில் விலை கூட என்பதால் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாலைச் சிலர் விடிவதற்குள் வண்டியில் கொண்டுவந்து நம் ஆட்கள் பெயரில் ஊற்றிவிட்டுப் போவது உனக்குத் தெரிந்ததுதான். வெளிப்பால் எடுக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பாக ஒரு கடிதம் வந்தது. சங்கத்தில் அதைப் படித்துக் காட்டியதும் ஆறுச்சாமி எழுந்து, "அப்பறம் மயிலாத்தா மாடு எந்த ஊரு மாடுங்க?" என்றான். கேட்டதில் தப்பில்லை. அத்தை வீடு கேரளாவில் இருக்கிறது, ரேஷன் கார்டும் இங்கேதான். மாட்டுச்சாளை வாசலுக்கு எதிரில், அந்த எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு வண்டித்தடம் மட்டும். கமிட்டி இருந்திருந்தால் இதை எடுத்து வைத்துப் பேசி, அடித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கும். அதுவரை பால் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் இப்போது எல்லா அதிகாரமும் என் கையில். எல்லாக் கண்ணும் என் மேல். தங்கச்சி என்பதால் வழவழவென்று பேசுகிறான் என்று ஒருத்தனும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு வீம்பு. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உத்தரவு போட்டேன். மாடு எந்த மண்ணில் நின்று கறக்கிறதோ, அது அந்த மண்ணின் பால். அத்தை மாட்டை அவிழ்த்து, தடத்தைத் தாண்டி, தன் வாசலில் கட்டிக் கறந்தால் போதும். சட்டமும் ஆச்சு, தங்கச்சியும் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று இரண்டு தரம் படித்தும் பார்த்தேன்.

மாடு எனக்குக் கை தூக்கவில்லை என்பதை மறந்துவிட்டேன். அந்தச் செவலைக்குத் தன் சாளையும், தன் தொட்டியும், பக்கத்தில் கன்றும் இருந்தால்தான் சுரப்பு விடும். வாசலில் கொண்டுவந்து கட்டினால் மிரண்டு, பாலை அடக்கிக்கொண்டு நின்றது. அத்தை எவ்வளவு தடவிக் கொடுத்தும் பாதிப் பால்தான் இறங்கியது. உன் மாமா போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் அவள் குடித்தனம் நடக்கிறது. நான்காம் நாள் போசியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்து, "அண்ணா, மாடு மெரளுதுங்ணா. சாளையிலயே கறந்துக்கட்டுங்களா?" என்றாள். வரிசையில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அவள் பாலை ஊற்றிவிட்டு, "செரிங்க பிரசிடண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். சாயங்காலமானால் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து உன் அம்மாவோடு காப்பி குடித்துவிட்டு, என்னை ஒரு பாட்டம் கேலி செய்துவிட்டுப் போகிறவள், வருவதையும் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் சங்கத்துக்கும் வரவில்லை. வண்டியில் வருகிற தனியார் பால்காரனுக்கு, அவன் சொன்ன விலைக்குச் சாளையிலேயே ஊற்ற ஆரம்பித்தாள்.

என் உத்தரவை அவளால் நிறைவேற்ற முடியவில்லை. ஆனால் அதை நிறைவேற்ற வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலம் சங்கத்தைத் திறக்கப் போனால் ரோட்டை அடைத்துக்கொண்டு மாடுகள் நிற்கின்றன. கறுப்பு, செவலை, கொம்பு உள்ளது, இல்லாதது எல்லாம் வரிசையாக. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரோட்டோரம் நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, என் போர்டுக்கு எதிரிலேயே சொய்ங் சொய்ங் என்று கறக்கிறார்கள். "கேரளா மண்ணுல கறந்ததுங்க. நீங்க எழுதியிருக்கறதப் படிச்சுட்டுத்தானுங்க வந்தோம்" என்றார் ஒருவர், மரியாதையாக. முதல் ஆளாக நின்றவன் யார் என்கிறாய்? ஆறுச்சாமியின் மச்சான். என்னால் பாலை எடுக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. ரோடெல்லாம் சாணி. பொள்ளாச்சி பஸ் மட்டும் அன்றைக்கு நம் ஸ்டாப்பில் நின்றது, போக வழியில்லாமல். நான் சொல்லித்தான் பஸ் நின்றது என்று முன்பு பஸ்ஸுக்காக வந்து கேட்டவர் இன்றுவரை எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும், ஒருத்தன் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். கொடுத்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நான் தூக்கவில்லை, பக்கத்தில் இருந்தவன் தூக்கினான் என்றார்கள். இத்தனை கைகளையும் அன்று அந்தப் 'பக்கத்தில் இருந்தவன்' ஒருவனே தூக்கியிருக்க வேண்டும்.

அதனால் பொதுயோகத்தைக் கூட்டி, எனக்கு இந்த அதிகாரம் வேண்டாம், கமிட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கைகூட எழவில்லை. இத்தனை நாள் என்னைத் திட்டியவர்கள்தான் எல்லாரும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறுச்சாமிதான் விளக்கம் சொன்னான். "அது முடியாதுங்க. ஒரு ஆளா இருந்தாத் திட்டறதுக்குச் சுளுவா இருக்குது. ஒம்போது பேரத் திட்டோணும்னா எங்களுக்கு வேற சோலியில்லீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. மயிலாத்தாள். பொதுயோகத்துக்கு வந்திருக்கிறாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. செக்ரட்டரி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதும் எழுந்து நின்றாள்.

"முந்தியெல்லாம் நான் போய் ஒண்ணு கேட்டா, எங்கண்ணன் 'பாக்கலாம் அம்மிணி, கமிட்டியில வெக்கறேன்'னு சொல்லுவாருங்க. நடக்காதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டுத்தான் அதச் சொல்லுவாரு. இப்ப நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால ரூலுங்கறாரு. எனக்கு அந்தப் பழைய ஆளுதான் வேணுமுங்க. அதுக்குத்தான் கை தூக்குனேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். யாரும் கை தட்டவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டத்தின் முன்னால் கண்ணீர் வந்தால் எவ்வளவு அசிங்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஒரு கை எப்படிப் போதும்? தீர்மானம் தோற்றுவிட்டது என்று செக்ரட்டரி எழுதப்போனார். அப்போது பெண்கள் பக்கமிருந்து உன் அம்மா குரல் கேட்டது. "ஏனுங்க, எல்லா அதிகாரமும் உங்ககிட்டத்தானுங்களே இருக்குது. அது வேண்டாம்னு சொல்றதும் அதுக்குள்ளதானுங்களே வரும்?" என்றாள். செக்ரட்டரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் எழுந்து நின்று, பொதுயோகத்தின் முடிவை என் அதிகாரத்தால் தள்ளுபடி செய்து, அதிகாரம் முழுவதையும் கமிட்டிக்குக் கொடுத்து, என் உத்தரவையும் கிழித்துவிட்டு, பழையபடி நடக்கட்டும் என்று அறிவித்தேன். நம் சங்கத்துக்கு ஜனநாயகம் அப்படித்தான் திரும்பி வந்தது, ஒருத்தனுடைய அடாவடியால். நீ ஏன் கை தூக்கவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவைக் கேட்டேன். மடியில் போசி இருந்ததாம்.

கமிட்டி கூடியதும் முதல் வேலையாக அத்தையின் மாட்டை எடுத்துக்கொண்டது. தின்பது கேரளத்து வைக்கோல், அதனால் நம் மாடு என்றது ஒரு கட்சி. போடுகிற சாணி தமிழ்நாட்டில் விழுகிறதே என்றது இன்னொரு கட்சி. மாட்டு டாக்டரைக் கேட்கலாம் என்றார் ஒருவர், வில்லேஜ் ஆபீசரைக் கேட்கலாம் என்றார் மற்றவர். சாயங்காலக் கறவைக்கு நேரமாகிவிட்டதால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இன்றுவரை தள்ளிக்கொண்டே போகிறது. முடிவாகும் வரை யார் பாலையும் நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் எல்லாருக்கும் சம்மதம். மாடுகளும் அதனதன் சாளைக்குத் திரும்பிவிட்டன. இது நல்ல நிர்வாகம் என்று நான் சொல்ல மாட்டேன். நீ படித்தவன், இதைக் கேட்டுச் சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் அடுக்குமாடியில் லிப்ட் நின்றுபோய் ஜனம் மாடி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கையெழுத்துக்காகக் கமிட்டி தூங்கிக்கொண்டிருந்தால் எனக்கும் கோபம்தான் வரும். அதற்கு அவசரச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கி வைத்துக்கொள். ஆனால் ஒருத்தர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கிற விஷயம் எதையும் தனியாக முடிவு செய்யாதே. அந்த ஆளைக் கூப்பிட்டு முழுசாகப் பேசவிடு. பாதியில் நீ முடித்துவைக்காதே. அந்த வாசகத்தை நான் அனுப்பப் போவதில்லை. உன் அம்மாவிடம் கேட்டு வாங்கலாம் என்றும் நினைக்காதே, அவள் என்னைவிடக் கண்டிப்பு.

அந்தப் பொதுயோகம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு காலை நேரம் வழக்கம்போலப் பால் அளக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாதி ஊர் வந்து ஊற்றிவிட்டுப் போனது. எல்லாரும் வணக்கம் சொன்னார்கள், ஆறுச்சாமி நின்று அரை மணி நேரம் உலகக் கதை பேசிவிட்டுப் போனான். கடைசியில், மறுபடி சங்கத்துக்கே ஊற்ற ஆரம்பித்திருந்த மயிலாத்தாள் வந்தாள். போசி நிறையப் பால். ஒன்றும் பேசாமல் ஊற்றினாள், போசியைக் கவிழ்த்து வடித்தாள். இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்பிப் போகப் போனவள் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்ணா, சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கறீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கழுத்துக்கிட்டே ஒரு காஜா வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கேயே பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டேன். கொச்சியில் உன்னிடம் அதைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா, சாமி?

அப்பா